பெயரும் நாதமும்

ஒரு பொருளுக்கு நாம் இடுகின்ற பெயர், அப்பொருளை நமக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும். ஆனால், பல வேளைகளில் அப்பெயரே திரையாக நின்று பொருளை மறைத்துவிடுகிறது. கலை உலகில் இது அடிக்கடி நேர்கிறது. பெயரைக் கேட்ட அளவிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். தீர்ப்பு எழுதியான பிறகு கலையைக் கேட்கும் தேவை நமக்கு இல்லாது போகிறது.

'ஜாஸ்' என்னும் சொல் அத்தகையதொரு பெயர். நம் இல்லங்களில் அச்சொல்லை உச்சரித்தால் உடனே மனக்கண்ணில் தோன்றுவது, பழைய திரைப்படங்களில் கொள்ளைக்கூட்டத் தலைவனின் விடுதியில் மதுக் கோப்பைகளுக்கு இடையே முழங்கும் எக்காளமும் அதிரும் முரசுமே ஆகும். ஜாஸ் என்றால் இரைச்சல். ஜாஸ் என்றால் கேளிக்கை. ஜாஸ் என்றால் ஒழுங்கின்மை. இப்படித்தான் நம்மில் பெரும்பாலோர் எண்ணி வந்திருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்த எண்ணத்தைச் சற்றே அசைத்த நிகழ்ச்சி ஒன்று எம் இல்லத்தில் நடந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் அன்பளித்த இசைப்பதிவு ஒன்றை ஒலிக்கவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். அருகில் அமர்ந்திருந்த எங்கள் மாமு மூன்று நிமிடம் வரையில் பொறுமையோடு இருந்தார். பிறகு, "தம்பி, பக்கவாத்தியம் நன்றாய்த்தான் இருக்கிறது. பாட்டு எப்போது தொடங்கும்?" என்று கேட்டார். நாங்கள் நகைத்துவிட்டோம். ஆனால், எண்ணிப் பார்க்கையில், அந்த இசையைப் பற்றி எழுதப்பட்ட பல விமர்சனங்களைக் காட்டிலும் அக்கேள்வி கூர்மையானது என்பது புலனாயிற்று. பாட்டு முன்னரே தொடங்கியிருந்தது. வாசித்தவர் அதைச் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாசித்தவர் பெயர் அஹ்மத் ஜமால். அவரையும், அவரோடு ஒப்பவைத்து எண்ணத்தக்க யூசுஃப் லத்தீஃப் என்பவரையும், அவர்தம் ஒலிப்பதிவுகள் இரண்டை முன்னிறுத்தி ஈண்டு ஆராய விழைகிறோம். இசை குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உள்ளதை நாம் அறிவோம். அதில் தீர்ப்புரைப்பது இக்கட்டுரையின் பணியன்று. அதற்கான தகுதியும் எமக்கில்லை. கலைத் திறனாய்வு என்னும் எல்லைக்குள் நின்றே பேசுகிறோம்.

பெயர் மாற்றிய கலைஞர்கள்

ஜாஸ் இசை அமெரிக்காவின் தென்பகுதியில், குறிப்பாக நியூ ஆர்லியன்ஸ் நகரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் உருப்பெற்றது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்களே அதன் தலையாய படைப்பாளிகள். அவர்கள் தாங்கிய பெயர்களோ, பெரும்பாலும் அவர்தம் முன்னோரை விலைக்கு வாங்கிய எசமானர்களின் பெயர்கள். எனவே, பெயர் என்பது அம்மக்களுக்கு வெறும் அடையாளச் சொல் அன்று. அது ஆறாத வடு.

1940களிலும் 1950களிலும் ஜாஸ் கலைஞர் பலர் இஸ்லாத்தைத் தழுவிப் புதுப்பெயர் பூண்டனர் என்பதை இப்பின்னணியில் வைத்தே நோக்க வேண்டும். முரசு வாசிப்பில் ஈடு இணையற்ற ஆர்ட் பிளேக்கி, அப்துல்லாஹ் இப்னு புஹைனா என்னும் பெயரை ஏற்றார். சாக்சபோன் கலைஞர் சாஹிப் ஷிஹாபும் எக்காளக் கலைஞர் இத்ரீஸ் சுலைமானும் புதிய பெயராலேயே அறியப்பட்டனர். இவர்கள் அனைவரும் ஒரே பாணியில் வாசித்தவர்கள் அல்லர். பிளேக்கியின் முரசு இடியென முழங்குவது. ஜமாலின் பியானோவோ, தூறல் நின்ற பிறகு கூரை விளிம்பிலிருந்து சொட்டும் நீர்த்துளியை ஒத்தது. மார்க்கம் ஒன்றே எனினும் நாதங்கள் பல.

பெர்ஷிங் விடுதியில்

அஹ்மத் ஜமால் 1930 ஆம் ஆண்டு ஜூலை 2 ஆம் நாள் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஃபிரெடரிக் ரஸ்ஸல் ஜோன்ஸ். மூன்று வயதிலேயே பியானோ முன் அமர்ந்தார். ஏழாம் வயதில் முறையாகப் பயிலத் தொடங்கினார். அவருக்குக் கற்பித்தவர், பின்னாளில் கறுப்பின மக்களுக்கென்றே ஓர் இசைநாடகக் கழகத்தை நிறுவிய மேரி கார்டுவெல் டாசன் அம்மையார். ஐரோப்பியச் செவ்விசையும் அமெரிக்க ஜாஸும் ஒருங்கே பயின்று வளர்ந்த பிள்ளை அவர். 1950களின் தொடக்கத்தில் இஸ்லாத்தை ஏற்றுத் தம் பெயரை மாற்றிக்கொண்டார். 'ஜமால்' என்பதன் பொருள் அழகு என்பதை நம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

1958 ஆம் ஆண்டு சனவரி 16 ஆம் நாள், சிகாகோ நகரின் தென்பகுதியிலிருந்த பெர்ஷிங் விடுதியின் கூடத்தில் அவருடைய மூவர் குழு வாசித்ததை ஆர்கோ நிறுவனம் ஒலிப்பதிவு செய்தது. பியானோவில் ஜமால், 'பாஸ்' எனும் பெரிய தந்திக் கருவியில் இஸ்ரேல் கிராஸ்பி, முரசில் வெர்னல் ஃபூர்னியே. பதிவான 43 உருப்படிகளிலிருந்து ஜமால் 8 உருப்படிகளை மட்டும் தேர்ந்தெடுத்தார். 'அட் த பெர்ஷிங்: பட் நாட் ஃபார் மீ' என்ற பெயரில் அது வெளிவந்தது. ஜாஸ் இசைத்தட்டுகள் பெரும் விற்பனை காண்பது அரிது. இதுவோ அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 100 வாரங்களுக்கு மேல் நிலைத்து நின்றது.

நாற்பத்து மூன்றில் எட்டை மட்டும் வைத்துக்கொள்பவன் கலைஞன். விலக்கத் தெரிந்தமையே ஜமாலின் முதல் ஆற்றல்.

மௌனத்தின் இலக்கணம்

அத்தட்டில் 'பாயின்சியானா' என்னும் உருப்படி ஏறத்தாழ எட்டு நிமிடம் ஒலிக்கிறது. எங்கள் மாமுவின் கேள்வி பிறந்தது இதனைக் கேட்டபோதுதான். பாயின்சியானா என்பது கோடையில் செந்நிறமாய்ப் பூத்து நம் சாலைகளிலும் நிழல் தரும் மரத்தின் பெயர். 1936 இல் நாட் சைமன் அமைத்த மெட்டு அது. பலரும் அதனைக் காதற் பாட்டாகக் குழைத்துப் பாடியிருந்தனர்.

ஜமாலின் கையில் அம்மெட்டு என்னவாகிறது? முதலில் எழுவது தாளம். ஃபூர்னியே, தாழ்ந்த குரலுடைய முரசையும் மணிபோல் ஒலிக்கும் வெண்கலத் தட்டையும் பின்னிப் பின்னி ஒரு நடையை அமைக்கிறார். வாசிப்பவர் ஒருவரா இருவரா என்ற ஐயம் கேட்போருக்கு எழும். அவர் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தவர். அந்நகரத் தெரு ஊர்வலங்களின் முரசு நடை அதில் மறைந்து கிடக்கிறது. கிராஸ்பியின் தந்திக் கருவி அதன்கீழ் ஒரு சிறு தொடரை மீண்டும் மீண்டும் வாசித்து நிலம்போல் தாங்குகிறது. இவ்விரண்டின் மீது ஜமால் அவ்வப்போது சில சுரங்களைத் தெளிக்கிறார். பிறகு நிறுத்திக்கொள்கிறார். மெட்டின் ஒரு வரியைத் தொடங்குகிறார், முடிக்காமல் விடுகிறார். அதை முடிப்பது கேட்பவனின் நெஞ்சு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜாஸ் இசையின் உயிர்நாடி மனோதர்மம். தெரிந்த மெட்டொன்றை எடுத்துக்கொண்டு, அதன் அடிக்கட்டை விட்டு நீங்காமல், வாசிக்கும் அந்த நொடியிலேயே புதியன புனைவது. 1940களில் சார்லி பார்க்கர் போன்ற மேதைகள் அம்மனோதர்மத்தை மின்னல் வேகத்துக்குக் கொண்டு சென்றனர். அவர்களுக்குப் பின் வந்தோர், எத்துணை விரைவாக எத்துணை சுரங்களை அடுக்க முடியும் என்பதையே திறமையின் அளவுகோலாகக் கொண்டனர். ஜமாலிடம் விரல் வேகம் இல்லாமல் இல்லை. பெர்ஷிங் தட்டிலேயே வேண்டிய இடத்தில் மின்னலென ஓடிக் காட்டுகிறார். எனினும், அடுத்த கணமே கையை எடுத்துவிடுகிறார். அவர் விட்ட இடத்தில் கிராஸ்பி பேசுகிறார். அவரும் விட்ட இடத்தில் முரசு பேசுகிறது. ஒருவன் மற்றவனுக்கு இடம் விடும் அவை அது. தட்டின் முதல் உருப்படியாகிய 'பட் நாட் ஃபார் மீ' ஜார்ஜ் கெர்ஷ்வின் 1930 இல் அமைத்த மெட்டு. மூன்றரை நிமிட அளவிலான இதிலும் இப்பண்பைத் தெளிவாகக் கேட்கலாம்.

பிறர் இதனை 'இடைவெளி' என்று புகழ்ந்தனர். ஜமாலோ இடைவெளி என்ற சொல்லை விட, 'ஒழுக்கம்', 'கட்டுப்பாடு' எனப் பொருள்தரும் சொல்லையே விரும்பினார். வெற்றிடம் தானே உண்டாகிவிடும். கட்டுப்பாடு பயின்று பெறுவது. நல்ல உரையாளன் எங்கே நிறுத்துகிறான் என்பதைக் கொண்டே அவன் தேர்ச்சி அறியப்படும். நம் திருமறையை ஓதும் காரிகளிடத்தும் நிறுத்தம் என்பது தனியே பயிலப்படும் ஒரு கலை. இசையும் ஓதலும் ஒன்றென்று நாம் சொல்லவரவில்லை. நிறுத்தத்தின் மதிப்பை உணர்ந்த செவி நம் சமுதாயத்துக்குப் புதிதன்று என்பதே கருத்து.

இத்தகைய இசைக்கு அக்காலத் திறனாய்வாளர் சிலர் இட்ட பெயர் என்ன? 'காக்டெயில் இசை', அதாவது, மதுக்கூடத்தில் பேச்சுக்கு இடையே ஒலிக்கும் பின்னணிச் சத்தம். மென்மையாக இருப்பதால் மேலோட்டமானது என்றும், மக்கள் விரும்பி வாங்கியதால் மலிவானது என்றும் முடிவு கட்டினர். இவ்விரு முடிவுகளும் பிழையானவை. மெல்லிய குரலில் சொல்லப்பட்டதால் ஒரு சொல் அற்பமாகிவிடாது.

திறனாய்வாளர் தவறவிட்டதைக் கலைஞர் ஒருவர் கண்டுகொண்டார். எக்காள மேதை மைல்ஸ் டேவிஸ், 1950களின் இடையிலேயே ஜமாலின் இசையைத் தேடிக் கேட்டார். தம் குழுவின் பியானோ கலைஞர் ரெட் கார்லண்டை ஜமாலைப் போல் வாசிக்குமாறு வேண்டினார். ஜமால் வாசித்த மெட்டுகள் பலவற்றைத் தாமும் பதிவு செய்தார். 1957 இல் வெளிவந்த 'மைல்ஸ் அஹெட்' தட்டில் ஜமால் இயற்றிய 'நியூ ரும்பா' இடம்பெற்றுள்ளது. மூவர் வாசித்ததைப் பெரிய வாத்தியக் குழுவுக்கென கில் எவன்ஸ் விரித்து அமைத்தார். அவ்விரிவிலும் ஜமால் விட்ட மௌனங்கள் பெரிதும் காப்பாற்றப்பட்டிருப்பதைக் காணலாம். மௌனமும் எழுதப்பட்ட இசையின் பகுதியே என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

புகழ்ச்சியோடு நின்றுவிடுவது திறனாய்வு ஆகாது. பெர்ஷிங் தட்டின் வெற்றிக்குப் பின், 1959 இல் வயலின் முதலிய தந்திக் கருவிகளின் குழுவோடு ஜமால் பதிவு செய்த 'ஜமால் அட் த பென்ட்ஹவுஸ்' நமக்கு அத்துணை நிறைவு தரவில்லை. மூவர் விட்டுவைத்த இடங்களை வயலின்கள் வந்து நிரப்பிவிடுகின்றன. நிலவு காய வேண்டிய முற்றத்தில் விரித்த பந்தல்போல் ஆகிவிடுகிறது. 'காக்டெயில்' என்ற குற்றச்சாட்டுக்கு அவர் சற்றேனும் இடங்கொடுத்தார் எனில், அது இத்தகைய பதிவுகளிலேயே எனலாம்.

அல்ஹம்ரா

காக்டெயில் இசைஞர் என்று பெயர் சூட்டப்பட்ட அந்த மனிதர், தம் இசைத்தட்டு ஈட்டித் தந்த பொருளைக் கொண்டு சிகாகோவில் ஓர் உணவகமும் இசைக்கூடமும் திறந்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'அல்ஹம்ரா'. கிரனாடாவின் செங்கோட்டையை நினைவூட்டும் அந்தப் பெயரைச் சூடிய கூடத்தில் மது விற்கப்படவில்லை.

ஜாஸ் கூடங்கள் மது விற்பனையை நம்பியே நடந்து வந்த காலம் அது. இசையைக் கேட்க வருவோர் இசைக்காக மட்டுமே வரவேண்டும் என்று ஒரு கலைஞர் தம் கைப்பொருளைப் பணயம் வைத்துச் சொன்னார். அம்முயற்சி சில ஆண்டுகளே நிலைத்தது. 1961 இல் அங்கே பதிவான 'அஹ்மத் ஜமால்ஸ் அல்ஹம்ரா' என்னும் இசைத்தட்டு மட்டும் இன்றளவும் நிலைத்திருக்கிறது. 1962 இல் மூவர் குழுவும் கலைந்தது. கிராஸ்பி அவ்வாண்டிலேயே மறைந்தார். ஜமால் சில ஆண்டுகள் ஓய்ந்திருந்து, மீண்டு வந்து, நெடுங்காலம் வாசித்தார். 2023 ஏப்ரல் 16 ஆம் நாள் தம் 92 ஆம் வயதில் காலமானார்.

வணிகக் கணக்கில் அல்ஹம்ரா தோல்வியே. ஆயினும், பெயரிட்டவர்களுக்கு அவர் அளித்த மறுமொழியாக அதனைக் கருதலாம்.

ஆலையிலிருந்து ஆய்வுப் பட்டம் வரை

யூசுஃப் லத்தீஃபின் பெயர் வரலாறு இன்னும் சுற்றுடையது. 1920 அக்டோபர் 9 ஆம் நாள் டென்னசி மாநிலத்துச் சட்டனூகா நகரில் வில்லியம் இமானுவேல் ஹடில்ஸ்டனாகப் பிறந்தார். குடும்பம் 1925 இல் டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தந்தையார் குடும்பப் பெயரை எவன்ஸ் என மாற்றினார். 1940களின் இறுதியில் இஸ்லாத்தைத் தழுவிய பிறகே யூசுஃப் லத்தீஃப் ஆனார். மென்மையைக் குறிக்கும் 'லத்தீஃப்' என்னும் சொல் அவருக்குப் பொருந்திய பெயர். நெடிதுயர்ந்த உருவமும் தாழ்ந்த பேச்சும் உடைய அவர், 2006 இல் வெளியிட்ட தம் வரலாற்று நூலுக்கு 'மென்மையான பேருருவம்' எனப் பொருள்படும் தலைப்பையே சூட்டினார்.

சாக்சபோன் கலைஞராகத் தொடங்கிய அவர், டெட்ராய்ட்டில் மோட்டார் வாகன ஆலையொன்றில் உழைத்துக்கொண்டே இசையும் பயின்றார். புல்லாங்குழலும் ஓபோவும் கற்றார். உடன் உழைத்த சிரியா நாட்டவர் ஒருவர் வாயிலாக 'ரபாப்' என்னும் அரபுத் தந்திக் கருவி அவருக்கு அறிமுகமாயிற்று. பணியிடத்துப் பேச்சொன்று ஒரு கலைஞனின் திசையையே திருப்பியது. பின்னர் எகிப்து, சீனம், ஆப்பிரிக்கா எனப் பல நாட்டுக் கருவிகளையும் அவர் தேடிப் பயின்றார்.

கல்வியிலும் அவர் ஓயவில்லை. 1975 இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் முனைவர் பட்டம் பெற்றார். மேலைநாட்டுக் கல்வியையும் இஸ்லாமியக் கல்வியையும் குறித்ததே அவரது ஆய்வேடு. 1981 முதல் 1985 வரை நைஜீரியாவின் சாரியா நகரில் அஹ்மது பெல்லோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். ஹஜ் கடமையையும் நிறைவேற்றினார். 1980 முதல் மது விற்கும் இடங்களில் வாசிப்பதில்லை என உறுதி பூண்டார். ஜமால் தாமே கூடம் கட்டிக் கண்ட விடையை, லத்தீஃப் கூடங்களைத் துறந்து கண்டார்.

கீழ்த்திசை நாதங்கள்

லத்தீஃபின் ஒலிப்பதிவுகள் பல. அவற்றுள் நாம் தேர்வது, 1961 செப்டம்பர் 5 ஆம் நாள் பதிவான 'ஈஸ்டர்ன் சவுண்ட்ஸ்'. பியானோவில் பாரி ஹாரிஸ். பாஸிலும் ரபாபிலும் எர்னி ஃபாரோ. முரசில் லெக்ஸ் ஹம்ஃப்ரீஸ்.

முதல் உருப்படியாகிய 'பிளம் பிளாசம்' அத்தட்டின் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. சீன நாட்டு உருண்டைக் குழல் ஒன்றை லத்தீஃப் ஊதுகிறார். அதில் எழுவன மிகச் சில சுரங்களே. இத்துணை வறிய கருவியைக் கொண்டு ஒருவர் என்ன செய்துவிட முடியும் என்று எண்ணுகிறோம். ரபாப் ஓரிரு சுரங்களைத் துள்ளல் நடையில் திரும்பத் திரும்ப மீட்டுகிறது. அச்சிறு பரப்புக்குள்ளேயே லத்தீஃப் ஒரு முழு உலகைக் காட்டுகிறார். ஜமால் எண்பத்தெட்டுக் கட்டைகள் உள்ள பியானோவில் தாமே வகுத்துக்கொண்ட எல்லையை, லத்தீஃப் கருவியிடமிருந்தே பெற்றுக்கொள்கிறார்.

'புளூஸ் ஃபார் த ஓரியண்ட்' என்ற உருப்படியில் அவர் ஏந்துவது ஓபோ. நம் நாகசுரத்தைப் போலவே இரட்டை நாணற் சீவாளியால் ஒலிக்கும் கருவி அது. எனினும், நாகசுரத்தின் வீறு அதற்கில்லை. மெலிந்த, ஏங்கும் குரல் அதற்கு. திருவரங்கத்து ஷேக் சின்ன மௌலானா அவர்களின் நாகசுரத்தைக் கேட்டுப் பழகிய செவிகள், சுரத்தை நேராகத் தொடாமல் வளைத்துத் தொடும் லத்தீஃபின் பாங்கை எளிதில் இனங்கண்டுகொள்ளும்.

பெயரோ கீழ்த்திசையைக் காட்டுகிறது. ஆனால் செவிகொடுத்துக் கேட்டால், அடியில் ஓடுவது 'புளூஸ்'. அமெரிக்கத் தென்பகுதியின் பருத்திக் காடுகளில் கறுப்பின உழைப்பாளிகளின் துயரத்திலிருந்து எழுந்த பாட்டு வடிவம் அது. லத்தீஃப் வேறெங்கோ உள்ள ஒரு நாட்டின் இசையை நகல் எடுக்கவில்லை. தம் மூதாதையரின் புலம்பலுக்கு இன்னொரு கண்டத்தின் குரலைத் தருகிறார். இவ்விடத்தில்தான் அவர் பெருங்கலைஞர் ஆகிறார்.

'ஸ்பார்டகஸ்' திரைப்படத்தின் காதல் மெட்டை அவர் ஓபோவில் வாசித்திருப்பதும் இவ்வகையில் எண்ணத்தக்கது. அப்படம் 1960 இல் வெளிவந்தது. இசையமைத்தவர் அலெக்ஸ் நார்த். ரோமப் பேரரசை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த அடிமைகளின் கதை அது. ஓர் அடிமையின் காதலுக்கென எழுதப்பட்ட மெட்டை, அடிமைகளின் வழித்தோன்றல் ஒருவர் எடுத்து வாசிக்கிறார். கண்ணீர் சிந்த வைக்கும் உத்தி எதுவும் அதில் இல்லை. மெட்டைத் திரித்து மேதைமை காட்டவும் அவர் முயலவில்லை. அமைதியாக, மரியாதையோடு, மூச்சின் நீளம் அறிந்து ஊதிச் செல்கிறார். பாரி ஹாரிஸின் பியானோ அருகே நடந்து வரும் துணைபோல் ஒட்டி வருகிறது.

குறையும் உண்டு. 'கீழ்த்திசை' என்ற ஒரே கூடைக்குள் சீனத்தையும் அரபுலகையும் ஒன்றாகப் போட்டுக் கட்டியது அக்கால அமெரிக்கச் சந்தையின் பழக்கம். இத்தட்டின் தலைப்பும் அதற்கு விலக்கன்று. சில உருப்படிகளில் அயல்நாட்டுக் கருவி ஓர் அணிகலன் அளவில் நின்றுவிடுகிறது. இசையின் எலும்புக்குள் இறங்கவில்லை. கருவியின் புதுமை தேய்ந்த பிறகும் நெஞ்சில் நிற்பன, நாம் மேலே சுட்டிய மூன்று உருப்படிகளே எனத் துணிந்து கூறலாம்.

இருவரும் மறுத்த பெயர்

இவ்விருவரிடையே பாணியில் ஒற்றுமை சிறிதே. ஒருவர் பியானோ ஒன்றிலேயே வாழ்நாளைக் கழித்தவர். மற்றவர் கருவி விட்டுக் கருவி தாவியவர். ஒருவர் ஊரறிந்த மெட்டுகளைக் குறைத்துக் குறைத்துப் புதிதாக்கினார். மற்றவர் ஊரறியா ஒலிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். ஆனால், ஒன்றில் இருவரும் ஒத்து நின்றனர். 'ஜாஸ்' என்ற பெயரை இருவருமே விரும்பவில்லை.

ஜமால் தம் இசையை 'அமெரிக்கச் செவ்விசை' என்றே வழங்கினார். ஐரோப்பியரின் இசைக்கு மட்டும் செவ்விசை என்ற மதிப்பும், கறுப்பின மக்களின் இசைக்கு விடுதிப் பெயரும் ஏன் என்பது அதனுள் பொதிந்த வினா. லத்தீஃப் இன்னும் ஒருபடி சென்று, உடல், உள்ளம், ஆன்மா ஆகிய மூன்றிலிருந்தும் ஒருங்கே எழும் இசை எனப் பொருள்தரும் நீண்ட சொல்லொன்றைத் தாமே படைத்துக்கொண்டார். 'ஆட்டோஃபிசியோசைக்கிக்' என்பது அச்சொல். நாவில் எளிதில் புரளாத அச்சொல்லைப் பலர் நகைத்து ஒதுக்கினர். ஆனால், அவர் ஒரு முறையும் பின்வாங்கவில்லை. 1987 இல் வெளிவந்த 'லிட்டில் சிம்பனி' என்ற அவரது தட்டில் எல்லாக் கருவிகளையும் அவரே வாசித்திருந்தார். அதற்கு கிராமி விருது கிடைத்தது. எந்தப் பிரிவில் எனில், 'நியூ ஏஜ்' எனும் புதுயுக இசைப் பிரிவில்! ஒரு பெயரை மறுத்தவருக்கு உலகம் பரிசோடு இன்னொரு பெயரை ஒட்டி அனுப்பியது. 2013 டிசம்பர் 23 ஆம் நாள், 93 ஆம் வயதில் மறையும் வரை அவர் தம் சொல்லையே வழங்கி வந்தார்.

இது வெறும் சொற்பூசல் அன்று. முன்னோர் பெயரைப் பறிகொடுத்த இனத்தில் பிறந்து, தம் பெயரைத் தாமே தேர்ந்துகொண்டவர்கள் இவர்கள். தம் இசைக்கும் பிறர் பெயரிட அவர்கள் ஒப்பாததில் வியப்பில்லை.

நமக்கு நாமே

இதுவரை பிறர் இட்ட பெயர்களைக் குறை கூறினோம். நம்மையும் சற்று நோக்கிக்கொள்வது நேர்மையாகும்.

அஹ்மத், யூசுஃப் என்ற பெயர்களைக் கண்டதும் நம் நெஞ்சம் பூரிக்கிறது. நம்மவர் ஒருவர் அமெரிக்காவில் புகழ் பெற்றார் என்று பெருமிதம் கொள்கிறோம். அப்பெருமிதம் இயல்பானதே. ஆனால், கேட்காமலே புகழ்வது, கேட்காமலே இகழ்வதற்கு எவ்வகையிலும் மேம்பட்டதன்று. 'காக்டெயில்' என்று சொல்லி ஒதுக்கிய விமர்சகனும், 'நம்மவர்' என்று சொல்லி மாலையிடும் நாமும் ஒரே தவற்றைச் செய்கிறோம். இருவருமே பெயரைப் படித்தோம், இசையைக் கேட்கவில்லை. தம் பெயரை அவர்கள் மாற்றிக்கொண்டது இறைவனுக்கும் அவர்களுக்கும் இடையிலான உறவின் பொருட்டு. நம் கைதட்டலின் பொருட்டன்று. அவர்தம் இசையின் தகுதி, அவர் விரலிலும் மூச்சிலும் செவியிலும் உள்ளது. அங்கே சென்றுதான் அதை அளக்க வேண்டும்.

அவ்வாறு அளக்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு வழி சொல்வோம். 'பாயின்சியானா'வை முதன்முறை கேட்கையில் முரசை மட்டும் பின்தொடருங்கள். மறுமுறை பாஸை மட்டும். மூன்றாம் முறை பியானோவை, அது ஒலிக்கும் இடங்களைக் காட்டிலும் ஒலிக்காத இடங்களைக் கவனியுங்கள். பிறகு மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். லத்தீஃபின் ஓபோவை இரவின் அமைதியில், வேறு வேலை ஏதும் இல்லாத பொழுதில் கேளுங்கள். பிடிக்கவில்லை எனில் அதையும் தயங்காது சொல்லுங்கள். கேட்டுவிட்டுச் சொல்லும் மறுப்பும் அக்கலைஞனுக்குச் செய்யும் மரியாதையே ஆகும்.

எங்கள் மாமு அந்த இசையைப் பின்னர் இருமுறை கேட்டார். பிடித்தது என்றும் சொல்லவில்லை. பிடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. "அந்த ஆள் எதையோ சொல்ல வந்து அடக்கிக்கொள்கிறார். அடக்கத் தெரிந்தவர்" என்று மட்டும் சொன்னார். வாசித்தவரின் பெயர் என்னவென்று அவர் அதுவரை கேட்டிருக்கவில்லை.